கண்ணோரத்தில் ஓர் ஊசி

நானும் என் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். அவள் எனக்குச் சில நிமிடங்கள்தான் மூத்தவள். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா பழக்கிவிட்டார். பள்ளியில் எங்களைப் பிரித்தறிய முடியாமல் ஆசிரியைகள் எனக்கு மட்டும் ஒரு சிவப்பு ரப்பர் வளையல் போட்டுவிடச் சொன்னார்கள். நாங்கள் அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். எனக்குக் கல்யாணமான புதிதில் என் கணவரே ஒருநாள் அடுப்படியில் நின்ற அக்காவின் முதுகைத் தட்டி, "குழம்புல உப்பு போட்டியா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அவள் திரும்பிப் பார்த்ததும் பேச்சில்லாமல் வெளியே ஓடியிருக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்தக் குழப்பம் யாருக்கும் வருவதில்லை. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. சுங்கை பாக்காப்பில் எங்கள் பெரியம்மா பேரனின் கல்யாணத்துக்குப் போனபோதுதான் கவனித்தேன்.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் வீட்டுக்காரி ஒருத்தி எனக்குச் சந்தனத்தை நீட்டினாள். பின்னால் காரை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க தங்கச்சியா? உங்க சாடை கொஞ்சம் இருக்கு" என்றாள்.

"ஆமா, தங்கச்சிதான்" என்று சொல்லி நானும் சிரித்தேன். சாப்பிடும்போது எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவை உற்றுப் பார்த்தேன். யாரோ ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உதடு சிரித்தது, கன்னம் சிரித்தது. கண்ணோரம் மட்டும் இஸ்திரி போட்ட துணி மாதிரி அப்படியே இருந்தது. நான் சிரித்தால் கண்ணோரத்தில் கோழி கால் வைத்த மாதிரி கோடுகள் விரியும். அவளுக்கும் அதே இடத்தில், அதே மாதிரி விரிந்துகொண்டிருந்தவைதான். அவை எங்கே போயின?

திரும்பி வரும்போது, எங்கள் தீவுக்குப் போகும் கடல் பாலத்தில் கார் ஏறியதும் கேட்டேன். "அக்கா, மூஞ்சிக்கு என்ன போடற நீ?"

அவள் சாலையைப் பார்த்தபடியே, "ஊசி போட்டுக்கறேன்டி" என்றாள்.

"என்ன ஊசி? இனிப்பு நீர் வந்துடுச்சா உனக்கு?" எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்ததால் ஊசி என்றாலே எனக்கு அந்த நினைப்புதான்.

"அட, அது இல்ல. சுருக்கத்துக்கு. கண்ணு ஓரத்துல போடுவாங்க. சிரிச்சா கோடு விழாது."

"எப்பருந்து?"

"அத்தான் போன அடுத்த வருஷத்துலருந்து."

அத்தான் என்று எனக்காகச் சொன்னாள். அவள் கணவர் ஒரு மாலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அக்கா வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். பத்து பெரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வரவேற்புக் கவுண்டரில் நிற்கும் வேலை அவளுக்கு.

"சாவியை வாங்கற ஆளுங்க எல்லாம் 'ஆர் யூ ஓகே'ன்னு கேப்பாங்க" என்றாள். "நல்லா தூங்கிட்டுத்தான் போயிருப்பேன். ஆனா மூஞ்சி வேற சொல்லுது லா. ஒரு வெள்ளக்காரம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, உனக்கு என்ன கஷ்டம்னு கேட்டுச்சு. வீட்டுல அழுதுட்டுப் போறேன். அங்கேயும் போய் அதைக் காட்டிக்கிட்டு நிக்கணுமா, சொல்லு?"

"சரி. என்கிட்ட ஏன் சொல்லல?"

பாலத்தின் நடு மேட்டைத் தாண்டி இறங்கும்போதுதான் சொன்னாள். "அது உன் மூஞ்சியும்தானே. உன்னைக் கேக்காம மாத்தற மாதிரி இருந்துச்சு."

ஜெலுத்தோங்கில் என் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டேன். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் வேலை செய்வது பட்டர்வொர்த் பக்கத்தில், கன்டெய்னர் இறக்கும் துறைமுகத்தில். பெட்டிகளின் எண்ணையும் முத்திரையையும் சரிபார்த்துக் கருவியில் பதிவேன். காலையில் மோட்டார் சைக்கிளோடு அக்கரைக்குப் போகும் ஃபெரியில் ஏறினால் மாலையில்தான் திரும்புவேன். அங்கே நிழல் என்று எதுவும் கிடையாது. வெயில் மேலிருந்தும் அடிக்கும், தகரத்தில் பட்டு எதிரிலிருந்தும் அடிக்கும். கண்ணை இடுக்கி இடுக்கித்தான் எண்களைப் படிக்க வேண்டும். இத்தனை வருடமாக இடுக்கிய கண். என் முகம் வேறாகிப்போனதற்கு அக்காவின் ஊசி மட்டும் காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

இருந்தாலும் கோபம் தணியவில்லை. ஃபெரியில் நிற்கும்போது மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பேன். முன்பெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்த்தால் அக்காவைப் பார்த்த மாதிரி ஒரு துணை இருக்கும். இப்போது நான் மட்டும்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் இன்னொன்று தோன்றியது. இத்தனை வருடமும் அவள் யாருக்கும் சொல்லாமல், தனியாக ஊசி போடும் நாற்காலியில் போய்ப் படுத்துவிட்டு, தனியாகவே காரோட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றே அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ."

"துணைக்கா?"

"இல்ல. எனக்கும் போடணும்."

அந்தப் பக்கம் மூச்சு விட்டு விட்டு வந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "உனக்கெதுக்கு லா இதெல்லாம்? உன் மூஞ்சிய நான்தானே பாக்கறேன்."

"எங்க பாக்கறீங்க? போன வாரம் முடிய வெட்டிக்கிட்டு வந்தேன். இன்னும் கண்டுபிடிக்கல."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் வெட்டியிருக்காங்க" என்றார். பிறகு கொஞ்சம் கவலையோடு, "வலிக்குமா?" என்று கேட்டார். அவர் சம்மதித்துவிட்டார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிளினிக் புலாவ் திக்குஸில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெண்ணெய் வாசனை படியேறி உள்ளேவரை வந்தது. டாக்டர் ஒரு சீனப் பெண், எங்களைவிட வயதில் மிகவும் இளையவர். நாங்கள் இரட்டையர் என்று அக்கா சொன்னதும் அவர் நம்பவில்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"செனியும், காக்" என்றார். மலாயில், 'சிரிங்க அக்கா' என்று சொல்கிறார். சிரித்தோம். முறைக்கச் சொன்னார், முறைத்தோம். விரலால் என் கன்ன எலும்பையும் அக்காவின் கன்ன எலும்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு ஒன்றுதான், மற்றதெல்லாம் வெயில் செய்த வேலை என்றார்.

"என்னை இவளை மாதிரி ஆக்க முடியுமா?" என்று நான் மலாயில் கேட்டேன். கேட்டபிறகு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சிரிக்கவில்லை. முடியாது என்று நேராகச் சொன்னார். சிரிக்கும்போது தோலைச் சுருக்குகிற தசையை இந்த மருந்து சில மாதங்கள் ஓய்ந்திருக்கச் செய்யும், அவ்வளவுதான். தோலிலேயே பதிந்துவிட்ட கோடு முழுதாகப் போகாது, இலேசாகும். முதல் தடவை என்பதால் குறைவாகத்தான் போடுவேன், சிரித்தால் சிரித்த மாதிரி தெரிய வேண்டும் இல்லையா என்றார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், தசை, நரம்பு சம்பந்தமாக ஏதாவது நோய் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். அப்படிப் பேசியது எனக்குத் தைரியமாக இருந்தது. முடியும் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

நாற்காலியைச் சாய்த்தார்கள். வெள்ளைப் பென்சிலால் கண்ணோரத்தில் புள்ளிகள் வைத்தார்கள். ஐஸ் கட்டியை ஒற்றினார்கள். ஊசி முடி மாதிரி மெல்லியது. எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று ஒரு வலி, பிறகு உள்ளே ஏதோ அழுத்துவது போல ஓர் எரிச்சல். இரண்டு பக்கமும் டாக்டரும் தாதியும் நின்றதால் அக்காவுக்கு என் கையைப் பிடிக்க இடமில்லை. அவள் நாற்காலியின் கடைசிக்குப் போய் என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குத்துக்கும் எனக்கு முன்னால் அவள்தான் "ஸ்ஸ்" என்றாள்.

"நீ எத்தனையோ தடவை போட்டவதானே, உனக்கென்ன?" என்றேன் கண்ணைத் திறக்காமல்.

"எனக்குப் போடும்போது வலிக்கல. உனக்குப் போடறத பாத்தா வலிக்குதுடி."

முடிந்து கண்ணாடியில் பார்த்தால் கொசு கடித்த மாதிரி சிறு தடிப்புகள்தான். கீழே ரொட்டிக் கடையில் காப்பி குடித்து முடிப்பதற்குள் அவையும் அமுங்கிவிட்டன. உடனே படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மதியத் தூக்கம் போயிற்றே என்பது ஒன்றுதான் என் வருத்தம்.

மறுநாள் காலையில் இடது கண்ணோரத்தில் நீலமாகக் கன்றியிருந்தது. சிலருக்கு அப்படி ஆகும், தானாகப் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. ஆனால் துறைமுகத்தில் யாருக்கும் அது தெரியாதே. என்னோடு வேலை செய்யும் தமிழ்ப் பெண் என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அண்ணன் கை வச்சாரா?"

"ஐயோ, இல்லம்மா! நான்தான் போய் ஊசி போட்டுக்கிட்டேன்."

அவள் நம்பவில்லை. என் மோட்டார் சைக்கிள் பழுதாகியிருந்ததால் அன்று மாலை என்னை ஏற்றிப்போக என் கணவர் வாசலுக்கு வந்தபோது லோரிக்காரர்கள் முதல் காவலர்வரை அவரை முறைத்த முறைப்பில் மனிதர் ஆடிப்போய்விட்டார். வீட்டுக்கு வந்து, "நாளைக்கே நீ அந்த கிளினிக் ரசீத கொண்டுபோய் எல்லார்கிட்டயும் காட்டற" என்று கத்தினார். நான் சிரித்த சிரிப்பில் கன்றிய இடம் வலித்தது. ஊசி போட்ட கதையை மறுநாள் நானே எல்லோருக்கும் சொன்னேன். என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப்போனவள், எந்த கிளினிக் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் போனதும் கண்ணோரம் மெல்ல அடங்கியது. நான் இருபது வயதுப் பெண்ணாக மாறவில்லை. அக்காவைப் போலவும் ஆகவில்லை. வெயிலில் கறுத்த கன்னம், நெற்றி எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் நீண்ட விடுமுறை முடிந்து வந்தவள் மாதிரி ஒரு தெளிச்சி முகத்தில் இருந்தது. நாள் முழுக்கக் கண்ணை இடுக்குவதும் குறைந்திருந்தது. அதுவே எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. அக்கா வந்து என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இது உன் மூஞ்சிதான்" என்றாள். "நல்லாருக்கு."

அது உண்மைதான். அவளை எட்டிப்பிடிக்கப் போனேன், எனக்குப் பிடித்த என் முகத்தோடு திரும்பி வந்தேன். அதில் எனக்கு ஏமாற்றம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கோடுகள் மறுபடி எட்டிப்பார்க்கத் தொடங்கின. நான் அக்காவைக் கூப்பிட்டு, இருவருக்குமாகச் சேர்த்து நாள் குறித்துவிடட்டுமா என்றேன்.

"உனக்கு மட்டும் போட்டுக்க" என்றாள். "நான் கொஞ்ச நாள் விட்டுப் பாக்கறேன்."

"ஏன்? ஏதாச்சும் பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல. இந்தத் தடவை நாள் தள்ளிப்போச்சு, கோடு வந்துடுச்சு. வேலைக்குப் போனேன், யாரும் ஒண்ணும் கேக்கல. அப்பத்தான் நானே கண்ணாடிய பாத்தேன். கோடு இருக்கு, ஆனா அந்தப் பழைய அழுத மூஞ்சி இல்லடி." சற்று நிறுத்திவிட்டு, "திரும்ப வேணும்னா போட்டுக்குவேன். இப்ப வேணாம்" என்றாள்.

அந்தத் தடவை நான் படுத்தேன், அவள் துணைக்கு வந்தாள். முடிந்து படியிறங்கும்போது, "மதியம் சும்மாதானே இருக்க? பத்து காவான் வரைக்கும் வா" என்றாள். அங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒன்றை வாங்கப் பதிந்துவைத்திருக்கிறாளாம். அத்தான் போன பிறகு, அடுத்த வருடத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

வீட்டில் இன்னும் கதவுகள்கூடப் போடவில்லை. சிமெண்ட் வாசனை அடித்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாக நடந்தாள். பின்பக்க அறையில் நின்று ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"இங்க காலைல வெளிச்சம் வரும். இதுல நான் படுத்துக்கறேன். முன்னாடி ரூம் உனக்கு, உன் வீட்டுக்காரர் தொல்ல தாங்கலன்னா வந்துடு."

"அவரும் பின்னாலயே வந்துடுவாரே?"

"வரட்டும். ஹால்ல படுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று கேட்டாள். எனக்கு மஞ்சள் பிடிக்கும், அவளுக்குப் பச்சை. நாங்கள் அங்கேயே நின்று வெகுநேரம் சண்டை போட்டோம்.