பதினைந்தாவது ரோசா

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. ஆனால் இதில் வரும் நேரங்களில் பிழை இல்லை. பழைய லேஸ் திருத்தும் பட்டறையில் எந்த வேலையை எத்தனை மணிக்குத் தொட்டோம், எத்தனை மணிக்கு விட்டோம் என்று தாளில் எழுதியாக வேண்டும். வேணுகா எழுதிய தாள் இன்னும் இருக்கிறது.

போன நவம்பர், சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் நகரம். வேணுகாவுக்கு இருபத்தேழு வயது, பக்கத்தில் வில் என்ற ஊரில் பிறந்தவள். மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு இந்தப் பட்டறைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமையோடு தகுதிகாண் காலம் முடிகிறது.

"குரோசே ஊசிக்கோ நல்ல வேலையை விட்டனீ?" என்று தினமும் தொலைபேசியில் பிடித்துக்கொள்வாள் அம்மா சிவகலா. "ஆக்கள் கேட்டா என்னத்தைச் சொல்ல? பிள்ளை காலர் பின்னுதெண்டோ?"

"வெள்ளிக்கிழமை நிரந்தரமாக்குவினம், அம்மா. பிறகு ஊர் முழுக்கச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை, பட்டறை உரிமையாளரான அம்மையார், ஃபிராவ் புரூடரர், மேசையில் ஒரு காலரை வைத்தார். ஐரிஷ் குரோசே, அதாவது அயர்லாந்து பாணிக் கொக்கியூசிப் பின்னல். ரோசாப்பூக்களைத் தனித்தனியாகப் பின்னி, பிறகு வலை போட்டு இணைத்த வேலை. தொண்ணூறு வருடப் பழசு. பதினான்கு ரோசாக்கள். பதினைந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

"கையா, மெசினா? முதலில் அதைச் சொல்."

இந்த ஊரில் அந்தக் காலத்தில் மெசினாலும் இதைப்போலச் செய்தார்கள். துணியில் தையல் போட்டு, பிறகு துணியை மட்டும் மருந்தால் கரைத்துவிடுவார்கள். அப்படிச் செய்ததில் விளிம்பு பிசிறடிக்கும். வேணுகா லென்ஸை வைத்துப் பார்த்தாள். பிசிறில்லை. கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஊசிமுனையால் தொட்டபோது, இதழுக்குள் பொதிந்திருந்த தடித்த நூல் அசைந்தது.

"கை," என்றாள். "ஒரே ஆளின் கை."

"சரி. பதினைந்தாவதை நீ செய். வெள்ளி ஐந்து மணிக்கு வந்து பார்ப்பேன். பொருந்தினால் நீ இங்கே இருக்கிறாய்."

ஃபிராவ் புரூடரர் பாசல் நகரத்துக்குப் போய்விட்டார். பட்டறைச் சாவி வேணுகாவின் சட்டைப்பையில்.

தொழில் வழக்கப்படி காலரை நீலத் துணியில் குப்புற வைத்துத் தைத்துக்கொண்டாள். புதன், காலை 9.05. வேலை தொடங்கியது. 11.00, ரோசா முடிந்தது. தேவாலய மணி அடித்தது. பக்கத்து அறையில் கோப்பி போட்டுக்கொண்டு 11.12க்குத் திரும்பினாள்.

ரோசா இல்லை.

அதன் நூல் முழுவதும் பழையபடி உண்டையில் சுற்றப்பட்டிருந்தது. ஒழுங்காக. அழகாக.

கதவு பூட்டியபடியேதான் இருந்தது.

வியாழன், 1.30 முதல் 3.10 வரை இரண்டாவது ரோசா. கை கழுவப் போனாள். 3.14. அதுவும் அவிழ்ந்திருந்தது. இந்த முறை உண்டை மேசையில் இல்லை. நாற்காலியின் இடப்பக்கம், தரையில் கிடந்தது. எடுத்தாள்...

ஈரம்.

வெள்ளி மதியம் பயத்தைவிட வேலை போய்விடுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. எங்கே பிழை? தையலைப் பிரித்துக் காலரை நிமிர்த்திப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. குப்புறக் கிடந்த பூக்களோடு தன் பூவை நிமிர்த்தி வைத்து ஒப்பிட்டிருக்கிறாள். பின்புறத்தில் சுழற்சி மாறித் தெரியும். பதினான்கு ரோசாக்களும் அவளுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்றன.

இடக்கையால் பின்னியவை.

அம்மாவுக்குத் தொலைபேசி அடித்தாள். "நான் சின்னனிலை இடக்கையோ?"

"ஓம். பீச்சாங்கையாலை சாப்பிட வெளிக்கிட்டனீ. ரிப்பனாலை கட்டி வச்சுத்தான் மாத்தினனான். ஏன் இப்ப?"

"ஒண்டுமில்லை. வைக்கிறன்."

காலரைத் திரும்பவும் துணியில் தைத்தாள். 2.40. பழைய நூல் முறுகிப் போயிருந்தது. புது உண்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியை இடக்கையில் பிடித்தாள். சன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. முதல் கண்ணி கோணியது. இரண்டாவதும் கோணியது.

மூன்றாவது கோணவில்லை.

3.10. கை வேகம் பிடித்தது. ஊசி நகத்தில் இடிக்கும் சத்தம். டிக்... டிக்... டிக்...

பின்னால் நாற்காலி முனகியது. அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவள்தான் இருந்தாள்.

மணிக்கட்டில் ஏதோ இறுகியது. நூல் மாதிரி.

நிறுத்தப் பார்த்தாள்.

கை நிற்கவில்லை.

டிக்... டிக்...

கண்ணை மூடினாள்.

3.25.

சத்தம் நின்றது.

உள்ளங்கையில் ரோசா இருந்தது. குளிர்ந்து, நனைந்து. கிணறு வெட்டும்போது வருமே, அப்படியொரு மண்வாடை. வழக்கமாக ஒரு பூவுக்கு இரண்டு மணி நேரம் எடுக்கும்.

எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் வேலை இல்லை. அதை ஓட்டையில் வைத்து வலையோடு இணைத்தாள். முடிக்க 4.50 ஆனது.

ஐந்து மணிக்கு ஃபிராவ் புரூடரர் வந்து லென்ஸை வைத்தார். ஒவ்வொரு பூவாக நகர்த்திப் பார்த்தார்.

"ஒரே ஆளின் கை," என்றார் கடைசியில். "எது நீ செய்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கழுவிவிடு. ஒரு பூவில் மண் ஒட்டியிருக்கிறது."

அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. அம்மா தொலைபேசியில் அழுதாள்.

சனிக்கிழமை காலை 10.20. காலரின் சொந்தக்காரர் வந்தார். மன்சர் என்று பெயர், எண்பதைத் தாண்டியவர். பூக்களை விரலால் தொட்டு எண்ணினார். பதினைந்தாவதில் விரல் நின்றுவிட்டது.

"என் அப்பாவின் அக்கா செய்தது இது," என்றார். "பெண்பிள்ளைகளை வேலை வாங்கும் விடுதி ஒன்றில் இருந்தாள். இடக்கைக்காரி. அது கெட்ட பழக்கமென்று, அந்தக் கையை நாற்காலியோடு கட்டி வைப்பார்களாம். லேஸ் நூலால். ஒளித்துத்தான் பின்னியிருக்கிறாள். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள்."

"அதனால்தான் கடைசிப் பூவைச் செய்யவில்லையா?" வேணுகா கேட்டாள்.

"செய்தாளே. சாகும்போது இடக்கையில் பொத்தி வைத்திருந்தாளாம். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. பூவோடேயே புதைத்துவிட்டார்கள்."

அவர் போன பிறகு வேணுகா மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாள். வெள்ளிக்கிழமை எடுத்த புது நூலுண்டை உள்ளே இருந்தது.

அதைச் சுற்றிக் கடையில் ஒட்டிய காகிதப் பட்டி கிழியாமல், ஒரு இழைகூட உருவப்படாமல் அப்படியே இருந்தது.