பாதிப் பாதியாகப் பழுது பார்த்த படகு

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணூர் கழியில், நானும் என் நண்பர் கனி பாயும் சேர்ந்து எங்கள் சொந்தப் படகை மூழ்கடித்தோம்.

தவறுதலாக அல்ல. பெரிய பெரிய கற்களாகப் பொறுக்கி உள்ளே போட்டு, வேண்டுமென்றே!

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "இன்னாபா, வெயிலு தலைக்கு ஏறிகிச்சா?" என்று ஒருவர் உரக்கவே கேட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எட்டு மாதத்துக்குப் பிறகு சேர்ந்து சிரிக்கிறோம்... லேசில் நிற்குமா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா; பாய் என்னை 'ரைட்டரே' என்றுதான் கூப்பிடுவார். கனி பாய்க்குக் கல்மண்டபத்தில் கயிற்றுக் கடை. கயிறு, தார்ப்பாலின், படகுச் சீலை எல்லாம் கிடைக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர், தம்முடைய பழைய பாய்மரப் படகை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். எங்கள் இருவரையும்விட வயதான படகு. ஒற்றை ஆள் ஓட்ட முடியாது. ஒருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சீலையின் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அதனால்தான் பாய் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். (இங்கே 'பாய்' என்று வந்தால் அது மனிதர். காற்று வாங்குவதைச் 'சீலை' என்றே எழுதப்போகிறேன். குழப்பம் வேண்டாம்!)

மாசி பிறந்தால் வாடைக் காற்று ஓயும். மத்தியானத்தில் கடலிலிருந்து இதமாக ஒரு காற்று எழும்பிக் கழிக்குள் வரும். அந்தக் காற்றுக்காக வருஷம் முழுவதும் காத்திருப்போம். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எண்ணூருக்குச் சொந்தம்.

போன வருஷம் ஆனியிலேயே அது முடிந்துபோயிற்று.

அன்றைக்கு முகத்துவாரத்துக்கு அருகே திடீரென்று ஒரு காற்று. நான் சுக்கானை முழு பலத்தோடு திருப்புகிறேன், படகு திரும்பவில்லை. "கயிறை விடுங்க!" என்று கத்தினேன். அவர் விட்டாரோ இல்லையோ, அடுத்த நிமிஷம் இருவரும் தண்ணீரில். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். மீன் பிடிக்க வந்தவர்கள்தான் இழுத்துக் கரை சேர்த்தார்கள். என் மூக்குக் கண்ணாடி போயிற்று. பாயின் மனைவி கொடுத்தனுப்பிய டிபன் கேரியர் போயிற்று.

இவை போனால் வாங்கிக்கொள்ளலாம். நான் விட்ட வார்த்தை அப்படியா?

கழிக்கரையில் தனம் என்று ஒரு அம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். சொட்டச் சொட்ட அங்கே வந்து நின்றோம். கடை நிறைய ஆட்கள். பயம் தெளிந்த மனிதனுக்குக் கோபம் வரும் அல்லவா... எனக்கு வந்தது. "உங்களுக்குக் கயிறு விக்கத்தான் தெரியும் பாய், பிடிக்கத் தெரியாது" என்றேன்.

கடையில் யாரோ சிரித்தார்கள். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஈர வேட்டியோடு நடந்து போய் பஸ் ஏறிவிட்டார்.

அவ்வளவுதான். பேச்சு நின்றது. படகைச் சவுக்கு மரத்தடியில் கவிழ்த்துப் போட்டார்கள். மழை வந்தபோது தனம் மேலே கீற்றுப் போட்டு மூடிவைத்தாள். நான் துறைமுகத்துக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன் — கயிற்றுக் கடை கண்ணில் படாமல் இருக்க.

இந்த வருஷம் மாசி பிறந்ததும் என் மனைவி சரஸ்வதி கேட்டாள்: "சண்டை உங்க ரெண்டு பேருக்கும். தண்டனை மட்டும் அந்தப் படகுக்கா?"

அடுத்த ஞாயிறே டோல்கேட்டில் பஸ் பிடித்தேன்.

போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் யாரோ வந்துபோயிருக்கிறார்கள். கவிழ்ந்து கிடந்த படகின் அடியில் இடது பக்கம் முழுவதும் சிப்பியும் பழைய பூச்சும் சுரண்டப்பட்டு, மரம் பளிச்சென்று இருக்கிறது. வலது பக்கத்தில் கை படவே இல்லை. நடுக்கட்டை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி சரிபாதி!

"பாயி வந்தாரு," என்றாள் தனம். "பாதிய சொரண்டினாரு. மீதி இன்னாத்துக்கு வுட்டீங்கன்னு கேட்டேன். அது அந்தாளுதுன்னுட்டு பூட்டாரு."

அந்தாள்! பெயர்கூட இல்லை எனக்கு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பாதியை எனக்கென்று விட்டுவைத்திருந்தார். நான் வருவேன் என்று நினைக்காமலா விட்டுவைத்தார்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பாதியைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

அடுத்த ஞாயிறு இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். அவர் முன்பக்கம், நான் கடைசி சீட். இறங்கியதும் பத்தடி இடைவெளி விட்டு நடை. படகுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடைத்து, அதன் மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பூச வேண்டும். சட்டி ஒன்றுதான். அது அவர் பக்கம் இருந்தது.

"தனம்மா, சட்டி காலியாயிடுச்சான்னு கேளுங்க" என்பேன் நான்.

"இன்னும் ஆவலன்னு சொல்லு தனம்" என்பார் மூன்றடி தள்ளி நிற்கிறவர்.

இரண்டு தடவை பொறுத்துக்கொண்டாள் தனம். மூன்றாம் தடவை கரண்டியோடு வந்துவிட்டாள். "நான் இன்னா தபால்காரியா? அங்க இட்லி தீஞ்சிகினு கீது! பேசறதுன்னா பேசுங்க, இல்லாங்காட்டி கையால ஜாடை காட்டுங்க."

ஜாடைதான் காட்டினோம். அத்தனை ரோஷம்.

அன்று பாய் முன்னதாகக் கிளம்பிவிட்டார். நான் படகின் அடியில் சொருகியிருந்த சுக்கானை வெளியே இழுத்தேன். அதைப் படகின் பின்புறத்தோடு மாட்ட மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புக் கொண்டிகள் உண்டு. கீழ்க்கொண்டி முறிந்திருந்தது. முறிந்த வாயைத் தேய்த்துப் பார்த்தேன். முக்கால் பங்கு கறுத்து இற்றுப்போன பழைய துரு. கால் பங்குதான் புதிய முறிவு.

சுக்கானோடு ஒட்டியிருந்த முறிந்த துண்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

சுக்கான் என் பொறுப்பு. வருஷா வருஷம் கொண்டியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். சோம்பல்பட்டு இரண்டு வருஷமாக மேலோடு பெயின்ட் அடித்து விட்டிருந்தேன். அன்றைக்குப் படகு ஏன் திரும்பவில்லை என்பது இப்போது புரிந்தது. கயிறு ஒரு தப்பும் செய்யவில்லை. கயிற்றைப் பிடித்தவரும் செய்யவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. திருவொற்றியூரில் எந்தக் கொல்லரிடம் கொடுத்தாலும் புதுக் கொண்டி அடித்துத் தருவார். மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? முறிந்த துண்டைக் கழியை நோக்கி வீசக் கையைக்கூட ஓங்கிவிட்டேன்.

ஏன் வீசவில்லை? பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். வீசினால், இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு எதிரே உட்கார்ந்து அந்தச் சுக்கானையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே என்ற யோசனைதான். துண்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்மண்டபம் போனேன். பாய் இரண்டு கையையும் விரித்து விரித்து ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். துண்டை அவர் எதிரே மேஜை மேல் வைத்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு, பாய்."

"இரு. எண்ணிக்கை வுட்டுடும்."

அளந்து முடித்து, வெட்டி, சுற்றி, வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் துண்டைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது எனுக்கு அன்னிக்கே தெரியும் ரைட்டரே."

"தெரியுமா!"

"படகு கவுந்தப்போ நான் பின்னாடிதானே புட்ச்சிகினு தொங்கினேன்? என் மூஞ்சிக்கு நேரா உன் சுக்கான் ஒத்தக் கொண்டில ஆடிகினு கீது."

"அப்ப ஏன் பாய் சொல்லல?"

"சொல்லத்தான் கரைக்கு வந்தேன். நீ முந்திக்கினே." அவர் துண்டைக் கீழே வைத்தார். "கயிறு விக்கத்தான் தெரியும்னுட்டே. அதுக்கப்புறம் நான் சுக்கானைப் பத்திப் பேசினா, நீ ஒண்ணு சொன்னே, நான் ஒண்ணு சொன்னேன்னு ஆயிடும். தோஸ்துகிட்ட அந்தப் பேச்சு வாணாம்னு பூட்டேன்."

நான் துண்டை எடுத்து மறுபடி கைக்குட்டையில் சுற்றினேன்.

"கோவம் பூடுச்சின்னு நெனச்சிக்காதே," என்றார். "அப்பிடியே கீது. எல்லார் நடுவுலயும் சொன்னே. எல்லார் நடுவுலயும் வாபஸ் வாங்கு."

பிறகு எதிர்க் கடைக்கு இரண்டு டீ சொன்னார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஞாயிறு வந்தது. தனத்தின் கடையில் நல்ல கூட்டம். எழுந்து நின்று, "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றேன். "போன ஆனி மாசம் கனி பாய்க்குக் கயிறு பிடிக்கத் தெரியாதுன்னு இங்க வச்சு சொன்னேன். அது தப்பு. படகு கவிழ்ந்தது என் சுக்கானாலதான்."

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். "எந்தப் படகு?" என்றார்.

"யாரு, யார இன்னா சொன்னது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஒருவருக்குக்கூட ஞாபகம் இல்லை!

"அட பாவிங்களா," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் தனம். "இதுக்கா என்ன பேஜார் பண்ணீங்க?"

நாம் அவமானப்பட்ட நாளில் ஊரே கூடி நின்று பார்த்த மாதிரிதான் நமக்குத் தோன்றுகிறது. ஊர் என்னவோ இட்லி தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஆனால் எல்லார் நடுவிலும் நான் எழுந்து சொன்னதே பாய்க்குப் போதுமாயிருந்தது. பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

சாப்பிட்டுவிட்டு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு படகைத் தண்ணீரில் இறக்கினோம். பாய் "பிஸ்மில்லா" என்றார். நான் "முருகா" என்றேன். மிதந்தது. எங்கள் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா?

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. பலகை இடுக்கு ஒவ்வொன்றிலும் தண்ணீர் பொடிப்பொடியாகக் கசிய ஆரம்பித்தது. நான் இடது பக்கத்தைப் பார்த்தேன். அவர் வலது பக்கத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்துவிட்டது. நல்லவேளை... இரண்டு பேரும் விழுங்கிவிட்டோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஒழுகிக்கொண்டிருந்தது!

கரையிலிருந்து தனம் சிரித்தாள். "எட்டு மாசமா காஞ்ச மரம்பா அது! சுருங்கிக் கீது. ஒரு வாரம் முங்கட்டும். தண்ணி குட்ச்சி ஊதினா இடுக்கெல்லாம் தன்னால மூடிக்கும்."

எங்களுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. எங்கள் படகு எப்போதும் தண்ணீரிலேயே கிடந்தது. இத்தனை மாதம் அதைக் கரையில் காயப் போட்டதே இல்லை. ஆகவே கல் பொறுக்கினோம். மூழ்கடித்தோம். நின்று சிரித்தோம்.

நேற்று போய்க் கற்களை எடுத்து, தண்ணீரை இறைத்து, படகை எழுப்பினோம். கொல்லர் அடித்துக் கொடுத்த புதுக் கொண்டியில் சுக்கான் வெண்ணெயாகத் திரும்பியது. மத்தியானக் காற்று வந்ததும் சீலையை ஏற்றினோம். கரையும் சவுக்குத் தோப்பும் மெதுவாகப் பின்னுக்குப் போயின. பாய் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

காலடியில் சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தேன். எங்கோ ஒரு இடுக்கில் இன்னும் கொஞ்சம் கசிகிறது.

"பாய், இன்னும் ஒழுகுது."

அவர் கண்ணைத் திறக்காமலே தண்ணீர் இறைக்கும் தகர டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"ஒழுகாத படகு வோணும்னா கரையிலதான் கீது ரைட்டரே... மொண்டு ஊத்து!"