வாளிக்குள் போன ஆறு தோட்டா

எனக்கு எழுத்துத் தெரியாது, பேத்தி எழுதுகிறாள். ஆனால் வாய் ஓயாது. வயலில் பன்றி விரட்ட என் மனிசன் வைத்திருக்கும் துவக்குக்குத் தோட்டா நிரப்புவது நான்தான். அன்று பக்கத்து வீட்டு மச்சியோடு கல்யாணக் கதை பேசிக்கொண்டே ஆறு தோட்டா நிரப்பி மூடினேன். பார்த்தால், டப்பாவில் வெடிமருந்து கணக்குக்கு மேல் குறைந்திருந்தது. ஏதோ ஒன்றில் இரண்டு தரம் போட்டுவிட்டேன். எதில் என்று தெரியவில்லை.

மனிசன் வாசலில் நின்று கத்தினார்.

"பண்டி நெல்லுக்க நிக்குது, கெதியா தா புள்ள!"

"தரமாட்டன். ஒண்டுல மருந்து கூடிட்டு. துவக்குக் குழல் பிளந்தா உங்கட மூஞ்சி போயிரும்."

"எழுத்துத் தெரியாதவளுக்குக் கணக்கு வேற!"

ஆறையும் தண்ணீர் வாளிக்குள் கொட்டினேன்.

"என்ட கை பிழைச்சது எனக்குத் தெரியும்!"

நெல் போனது போனதுதான். மூன்று நாள் என்னோடு கதைக்காத மனிசன், இப்போது முழு முகத்தோடு சிரிக்கிறார். நானும் ஓயாமல் பேசுகிறேன். மருந்து அளக்கும்போது மட்டும் மச்சிக்குப் பதில் கிடையாது.