விடச் சொன்ன நூற்றாண்டு

நான் படிக்காத பகுதி பரீட்சையில் வராது என்று மனதார நம்பிய மடையன் நான். நம்பியதோடு நின்றிருந்தால் அது என் வீட்டுச் சங்கதி. ஊருக்கும் சொன்னேன்.

நீர்வேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை எனக்கு. நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயதில், ஆங்கிலத்தில் வெளிவாரிப் பட்டம் எடுக்கும் ஆசை வந்தது. ஏன் வந்தது என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறார். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இறுதி ஆண்டில் பிரித்தானிய நாடக வளர்ச்சி என்று ஒரு பாடம். அரியாலையில் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வகுப்பு. தெருவில் வண்டில் இழுத்து நடித்த காலத்தில் தொடங்கி, அரங்குகளைக் கட்டி, பாராளுமன்றம் அவற்றைப் பதினெட்டு வருடம் பூட்டிவைத்து, அரசர் திரும்பி வந்ததும் திறந்து, பெண்களை மேடையேற்றி, பிரபுக்களின் வரவேற்பறையில் நக்கல் பேசி, கடைசியில் ஏழை வீட்டுக் குசினிக்குள் வந்து சேரவேண்டும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அது நீண்ட பயணம். வண்டில் காலத்தை அநேகமாக நித்திரையிலேயே கடந்தேன்.

அந்த வகுப்புக்குக் கொழும்புத்துறையிலிருந்து ஓர் அக்கா வருவார். காலைப் பூசைக்குப் போய், வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, சைக்கிளில் வந்து முன்வாங்கில் இருப்பார். பல வருடம் சம்பளமில்லாமல் தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்தவர். பட்டம் கிடைத்தால் நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கொரு வயதெல்லை இருந்தது. இந்த முறை தவறினால் அதைத் தாண்டிவிடுவார். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

வண்டில் நாடகங்கள்தான் அவருக்கு விருப்பமான பகுதி. அந்தக் காலத்தில் வேதாகமக் கதைகளை ஊர்த் தொழிலாளர்கள் பங்குபோட்டு நடித்தார்கள், ஓரிடத்தில் பெருவெள்ளக் காட்சி மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் போனது என்று படிப்பிக்கிற சேர் சொன்னபோது நான் தற்செயலாக விழித்திருந்தேன்.

"அது சரிதானே சேர்," என்றார் அக்கா. "தண்ணி வீட்டுக்குள்ளை வாறது எப்பிடியெண்டு மீன் பிடிக்கிற ஆக்களுக்குத்தான் தெரியும். எங்கடை கோயில்லை ஆண்டவற்றை பாடுகளின்ரை காட்சிக்குச் சிலுவை செய்யிறதும் வள்ளம் கட்டுற வீட்டாக்கள்தான். வேறை ஆரும் தொடேலாது."

சேர் அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். நான் மறுபடி கண்ணை மூடினேன்.

வகுப்பின் மாதிரிப் பரீட்சைக்கு, அரங்குகள் பூட்டிக் கிடந்த காலத்தைப் பற்றிக் கேள்வி வரும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன். வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு, சோதிடம் சொல்கிற ஆள் என்ற கணக்கில், சாத்திரியார் என்று பெயர். கடைசி வகுப்பில் தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா என்னிடம் வந்தார்.

"சாத்திரியார், எனக்கு நேரம் காணாது. எதை விடலாம்?"

நான் கண்ணை மூடி, விரல்களை எண்ணினேன். "வண்டில் நாடகத்துக்கு அட்டமத்துச் சனி நடக்குது, அக்கா. இந்தமுறை தெருவுக்கு வராது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு கேட்டார்:

"உண்மையாத்தான் சொல்லுறீரோ, தம்பி?"

"நான் பொறுப்பு, அக்கா."

அவர் கொப்பியைத் திறந்து, அந்தப் பகுதியின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை, அதுதான் என் சாத்திரம் என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். ஆனால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் காலை எனக்குப் பயம் பிடித்தது. என் சாத்திரத்தை நம்பாத முதல் ஆள் நான்தான். சங்கத்துக்கு லீவு போட்டு, வாழைகளுக்கு நடுவே கதிரையைப் போட்டு, வண்டில் நாடகங்களைப் பின்னேரம் வரை பாடமாக்கினேன். கைத்தொலைபேசி மடியில்தான் கிடந்தது.

அடுத்த நாள் முதலாவது கேள்வி, கட்டாயக் கேள்வி, அதிலிருந்து வந்தது. ஒரு வண்டில் நாடகத்தின் சில வரிகளைத் தந்து விளக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அக்கா பேனையை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்து ஏதோ எழுதினார். திரும்பவும் வைத்தார். ஒருமுறையும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நாலு பக்கம் எழுதினேன்.

பெறுபேறு வந்தபோது நான் சித்தியடைந்திருந்தேன். அக்கா அந்த ஒரு பாடத்தில் தவறியிருந்தார். வயதெல்லைக்கு முன் இன்னொரு பரீட்சை கிடையாது.

இரண்டு கிழமை ஒளித்துத் திரிந்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொழும்புத்துறைக்குப் போனேன். வாழைப்பழத்தால் ஆகக்கூடிய காரியமா இது என்று வழியில்தான் உறைத்தது. அக்கா வாசலில் இருந்து பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னும் சம்பளமில்லாமல்தான்.

"இரும் தம்பி. பாஸாமெண்டு கேள்விப்பட்டன். சந்தோசம்."

சந்தோசம் என்று அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது சும்மா பகிடி."

"அது எனக்கும் விளங்கினதுதான். நேரமில்லாத ஆளுக்கு எதையும் நம்பலாம் போலை இருக்கும். கோடு போட்டது நான்தானே."

அவர் என்னைக் குறை சொல்லாமல் விட்டுவிட்டார். நான் எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் மிச்சத்தைச் சொல்லாமல் கால் எழவில்லை.

"பரீட்சைக்கு முதல்நாள் எனக்குப் பயம் வந்திட்டுது, அக்கா. நான் அந்தப் பகுதி முழுக்கப் பாடமாக்கிப்போட்டன்."

சிவப்புப் பேனை நின்றது. கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தாமலே சொன்னார்:

"அப்ப எனக்குப் போனிலை ஒரு கோல் எடுத்திருக்கலாம்."