ராமாமணி இறங்கின ஊர்கள்

அப்புசாமி போய்ச் சேர்ந்து வருசத் திதியும் கொடுத்து முடித்த மறு வாரம், ராமாமணி அவருடைய தண்ணி மெத்தையைத் திருப்பிக் கொடுக்க உக்கடம் போனாள். பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்க ஒரு அறக்கட்டளை இரவலாகத் தரும் மெத்தை அது. பத்து வருசத்துக்கு மேல் புருசனை அதன் மேல் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, மறுபடி புரட்டிப் படுக்க வைத்தவள் அவள். மெத்தையை வாங்கி வைத்துக்கொண்ட பெண், "இனி ஓய்வா இருங்கம்மா" என்றாள். ஓய்வு என்றால் என்ன செய்வது என்று ராமாமணிக்குப் பிடிபடவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றாள்.

துடியலூர்ப் பக்கம் போகிற பஸ் வரவில்லை. முன்பக்கம் ரோஸ் பெயின்ட் அடித்த டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். மதுக்கரை என்று போர்டு. ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியாக இருந்தது.

கல்யாணமாகித் துடியலூருக்கு வந்து முப்பத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகியும் மதுக்கரையை அவள் பார்த்ததில்லை. வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டையில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறாள். அத்தனை மூட்டையையும் அனுப்பிய ஊர் எப்படித்தான் இருக்கும் என்று அப்போது ஒரு நாள் நினைத்ததும் உண்டு. அந்த நினைப்பு எங்கிருந்தோ எழுந்து வந்தது. கால் படியேறிவிட்டது.

"எங்கீங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"கடைசி ஸ்டாப்புங்க."

"யாரூட்டுக்குங்க?"

"யாரூட்டுக்கும் இல்லீங்க. சும்மா."

கண்டக்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மதுக்கரையில் அவள் கண்டது பெரிதாக ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லுக்காக வெட்டி வெட்டிப் பாதியாகிப்போன ஒரு குன்று. அதன் வெட்டுமுகம் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. லாரிகள் போன பாதையில் வேப்பமர இலையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு பேக்கரி வாசலில் நின்று டீயும் தேங்காய் பன்னும் வாங்கினாள். பன்னைப் பிய்த்து வாயில் போட்ட பிறகுதான் பட்டது, இதில் பாதி யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று. முழுப் பன்னையும் நின்ற இடத்திலேயே தின்று முடித்தாள். வேறு வழியாக ஒரு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு ராத்திரி, பக்கத்து அறையில் யாராவது முனகுகிறார்களா என்று காது கொடுக்காமல் தூங்கினாள். எழுந்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது.

அவள் ஊர் சுற்றாதவள் என்று சொல்ல முடியாது. பழனி போயிருக்கிறாள், குற்றாலம் போயிருக்கிறாள், ஊட்டிக்கு எத்தனையோ தரம். ஆனால் ஊட்டியைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது புளிசாதம் கட்டிய தூக்குப்போசியும், மகன் சபரீஷ் வாந்தி எடுத்த ஸ்வெட்டரும்தான். மலை ரயில் ஏறும்போதெல்லாம் அவள் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு வாரம் ஒரு நாள் கிளம்ப ஆரம்பித்தாள். மகன் தன் பட்டறைக்குப் போன பிறகு, மருமகள் நந்திதா சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன பிறகு, சோற்றை ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போவாள். சிறு பிள்ளைகள் விளையாட்டுக்குக் கட்டளை போட்டுக்கொள்வதுபோல அவளும் சிலது போட்டுக்கொண்டாள். டவுன் பஸ்ஸில் மட்டுமே போக வேண்டும். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊராக இருந்தாலும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. போன வழியாகத் திரும்பக் கூடாது. எங்கே இறங்குவது என்று தெரியாதபோது கண்டக்டரைக் கேட்க வேண்டும்.

"ஏனுங்க, இந்த ரூட்டுல உங்களுக்குப் புடிச்ச ஸ்டாப்பு எதுங்க?"

இந்தக் கேள்விக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாக முழித்தார்கள். ஒருவர், "அப்படி யாரும் கேட்டதில்லீங்களே" என்று நாலு ஸ்டாப் வரை யோசித்துவிட்டு, ஒரு வாய்க்கால் பாலத்தருகே விசில் அடித்து இறக்கிவிட்டார். இறங்கிப் பார்த்தாள். பாலத்துக்கடியில் எருமைகள் மூக்கு மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தன. அவருக்கு ஏன் இந்த இடம் பிடித்தது என்று யோசித்தபடி அவளும் கொஞ்ச நேரம் நின்றாள். யோசிக்க யோசிக்க அவளுக்கும் பிடித்துப்போனது.

வீட்டில் கேட்டால் கோயிலுக்கு என்று சொல்லிக்கொண்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. சும்மா போனேன் என்று சொன்னால் சும்மா எதற்கு என்று அடுத்துக் கேட்பார்கள்.

அந்தப் பொய் சூலூரில் உடைந்தது. குளக்கரையில் உட்கார்ந்து வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டு, முக்குளிக்கிற ஒரு கறுப்புப் பறவை அடுத்து எந்தப் பக்கம் தலை தூக்கும் என்று தனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு இரும்பு போடுகிற ஆள் பார்த்துவிட்டு சபரீஷுக்குப் போன் செய்துவிட்டார்.

"அம்மா, எங்கிருக்கறே?"

"சூலூர்ல, கண்ணு."

"அங்க யாரு இருக்கறாங்க?"

"யாருமில்ல சாமி."

"மருதமலைக்குப் போறேன்னு சொன்னியே?"

கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. சபரீஷ் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தான். அம்மா கடலைத் தோலைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்துக்கொண்டிருந்தாள். அவள் செருப்பைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். காரில் ஏறியதும் அவளுக்குச் சீட் பெல்ட்டை அவனே இழுத்து மாட்டிவிட்டான்.

அவனுக்கு ஒரு பயம் இருந்தது. அப்பாவும் படுக்கையில் விழுவதற்கு முன்னால் இப்படித்தான். பட்டறைக்கென்று கிளம்பி அன்னூர் ரோட்டில் போய் நின்றிருக்கிறார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல். அம்மாவுக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று நினைத்து, அந்த வாரமே நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனான்.

டாக்டர் ஹாரிகா சின்ன வயசுக்காரர். சபரீஷை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ராமாமணி எண்ணெல்லாம் போட்டு, கீழே ஊசலும் போட்டாள். அவர்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு ஊசல் உண்டு.

"பஸ்ல போய் எங்கயாவது வழி தெரியாம நின்னிருக்கீங்களாம்மா?"

"நெறைய நாளு நின்னிருக்கறனுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப எப்படி இருக்கும்? பயமா இருக்குமா?"

"இல்லீங்க. நல்லா இருக்கும்ங்க." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "ஊட்டுல அடுத்து என்ன நடக்கும்னு எனக்கு எல்லாம் தெரியுமுங்க. பால் எப்பப் பொங்கும், மோட்டார் எப்ப நிக்கும், யாரு எப்பக் கூப்பிடுவாங்க, எல்லாம். பஸ்ல போனா அந்த வளைவு தாண்டி என்ன வரும்னு தெரியாதுங்க. அதுக்குத்தான் போறனுங்க."

டாக்டர் எழுதவில்லை. பாலத்தடி எருமைகளைப் பற்றி அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். பாலம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். பிறகு சபரீஷை உள்ளே கூப்பிட்டார்.

"உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லைங்க. எங்க போறாங்கன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகட்டும். அது போதும்."

"எங்க போறேன்னு எனக்கே தெரியாதுங்களே" என்றாள் ராமாமணி.

டாக்டர் சிரித்துவிட்டார். சபரீஷ் சிரிக்கவில்லை. ஆனால் வீடு வந்து சேருவதற்குள் அவன் முகத்தில் இறுக்கம் தளர்ந்திருந்தது. அம்மாவின் போனை வாங்கி, அவள் இருக்கும் இடம் தன் போனிலும் நந்திதாவின் போனிலும் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தான். "மருதமலைன்னு மட்டும் இனிச் சொல்லாதே" என்றான்.

அதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. போன் வரைபடத்தில் அத்தையாக நகரும் அந்தப் புள்ளியை நந்திதா பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மீட்டிங் நடுவில் பார்ப்பாள். சாயந்திரம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, அவ்வளவு நேரம் ஒரே எடத்துல நின்னீங்களே, அங்க என்னங்க இருந்துச்சு?" என்பாள். அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் அதுவரை பேசிக்கொண்டதெல்லாம் குழம்பும் துணியும்தான். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"ஏனுங்கத்தை, டவுன் பஸ்லயே மாத்தி மாத்திப் போனா எவ்வளவு தூரந்தான் போக முடியும்?"

ராமாமணி அன்றைக்கு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

காங்கேயம் என்று முடிவு செய்தாள். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது, தங்க வேண்டும். லாட்ஜில் தனியாகத் தங்குவது என்பது அவள் பிறந்ததிலிருந்து செய்யாதது. சபரீஷ், "சார்ஜர் எடுத்துக்கோ" என்றான்.

காந்திபுரம், சூலூர், பல்லடம் வரை கஷ்டமில்லை. அவிநாசிபாளையம் நாலு ரோட்டில் மாட்டிக்கொண்டாள். காங்கேயத்துக்குப் பெரிய பஸ்கள் வந்து வந்து போயின. எதிலும் ஏறாமல் நிற்கிற அம்மாவைப் பார்த்து டீக்கடைக்காரர் காரணம் கேட்டார். சொன்னாள். அவ்வளவுதான், கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அதில் இறங்கிவிட்டார்கள். காங்கேயத்துக்கு இங்கிருந்து டவுன் பஸ்ஸே கிடையாது என்றார் ஒருவர். ஊருக்குள் சுற்றிப் போகிற ஒன்று உண்டு, ஆனால் அது வந்தால் வரும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் மச்சானுக்குப் போன் போட்டு விசாரித்தார். "வருதாமுங்க, ஏறீராதீங்க, இருங்க" என்று அவளை உட்கார வைத்தார்கள். கடைசியில் புழுதி பறக்க அந்த பஸ் வந்தபோது, கடைக்காரர் ரோட்டுக்கே வந்து கை காட்டி நிறுத்தினார். தோட்டம் தோட்டமாக, ஊர் ஊராக உள்ளே புகுந்து புகுந்து அது போனது. கிளுவை வேலிக்குள்ளே நின்ற காங்கேயம் காளை ஒன்று பஸ்ஸைப் பார்த்துத் திரும்பியது. கழுத்தும் திமிலும் கறுத்து, உடம்பு வெள்ளையாக, மெதுவாக, தனக்கு அவசரம் ஒன்றுமில்லை என்பதுபோல.

முதல் லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்கறாங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

"லேடீஸ் தனியா வந்தா ரூம் குடுக்கறதில்லீங்கம்மா."

"ஏனுங்க?"

"குடுக்கறதில்லீங்க" என்று மறுபடியும் சொன்னார். அவள் வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் சுட்டது. இந்த வயசில் தன்னைப் பார்த்து என்ன நினைத்தார் அந்த ஆள் என்று ஒரு பக்கம் கோபம், என்னதான் நினைத்திருப்பார் என்று ஒரு பக்கம் வேடிக்கை. மகனைக் கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் கார் வந்துவிடும். போனைக் கையில் எடுத்தாள். திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த லாட்ஜைத் தேடி நடந்தாள்.

அங்கே மேசையில் இருந்தது ஒரு பெண். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணங்களா? கோயிலுங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இல்லீங்கம்மணி. ஊரப் பாக்க வந்தேன்."

"இந்த ஊரையா?" அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இங்க என்னங்க இருக்குது?"

"அதத்தான் பாக்கோணும்."

மாடி அறை கொடுத்தாள். ஜன்னலைத் திறந்தால் கீழே ஒரு தேங்காய்க் களம். உடைத்த தேங்காய் மூடிகள் வெள்ளை வெளேரென்று வானம் பார்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. காற்றில் எண்ணெய் மணம். ராமாமணி கீழே இறங்கிப் போய்க் களத்து ஓரமாக நின்றாள். மூடிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ராசாத்தாள் என்கிற வேலைக்காரம்மா, "யாரைப் பாக்கோணும்ங்க?" என்றாள். யாரையும் இல்லை என்றதும் ஒரு சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். பருப்பு காய்ந்து கொட்டாங்குச்சித் தொட்டியை விட்டுக் கழன்று வரும்போது ஒரு சத்தம் வரும், கேளுங்கள் என்று காதருகே வைத்து நெம்பிக் காட்டினாள். டக்கென்று வந்தது. இன்னொன்று கேட்டாள் ராமாமணி. அதுவும் டக். ராசாத்தாள் அந்தப் பருப்பில் ஒரு கீற்று வெட்டிக் கொடுத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நீ யார், எதற்கு வந்தாய் என்று மேற்கொண்டு கேட்கவில்லை. பொழுது இறங்கும்வரை ராமாமணி அங்கேயே இருந்தாள்.

திரும்பி வந்த அன்று நந்திதா எல்லாவற்றையும் கேட்டாள். டீக்கடை, காளை, லாட்ஜ்க்காரர், டக் சத்தம். கேட்டு முடித்துவிட்டு, "அடுத்த தடவை நானும் வாரனுங்கத்தை" என்றாள்.

ராமாமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. வாரக் கணக்கில் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"நீ வா கண்ணு, வேண்டாம்னு சொல்லல. ஆனா நீ கூட வந்தா, நீ சாப்பிட்டயா, உனக்கு வெயில் படுதான்னு நான் பாப்பேன். எனக்கு முட்டி வலிக்குதான்னு நீ பாப்பே. ரெண்டு பேரும் ஊரப் பாக்க மாட்டோம்." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீ ஒருக்கா தனியாப் போய்ப்போட்டு வா. ஊட்ட நான் பாத்துக்கறேன்."

நந்திதாவுக்கு முகம் சுருங்கியது. இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்து நின்று, "போய்ட்டு வாரனுங்கத்தை" என்றாள். எங்கே என்று சபரீஷ் கேட்டான். தெரியாது என்றாள்.

அன்றைக்கு முழுக்க ராமாமணி போனைத் தொடவில்லை. தொட வேண்டும் போலத்தான் இருந்தது. அதற்காகவே தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்த்தாள், பரணைத் துடைத்தாள். பொழுது சாயும்போது கேட் சத்தம் கேட்டது. நந்திதா உள்ளே வந்தாள். சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது, காலில் செம்மண், மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டுச் சமையல்கட்டுத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

எந்தத் தண்ணியில் இறங்கினாய் என்று கேட்க ராமாமணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பசிக்குதுங்கத்தை" என்றாள் நந்திதா, கண்ணை மூடிக்கொண்டே.

ராமாமணி தட்டை எடுத்து வைத்தாள்.