மாமா ஏறிய சுவர்

கல்லூரியில் பந்து அடித்தவனுக்கெல்லாம் படம் மாட்டலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. தூத்துக்குடிக்குப் புது ஹார்பர் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஊரே கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் காலையிலும் மாலையிலும் படப் பேச்சுதான்.

படம் என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்களோடுதான் இருந்தார். பழைய ஹார்பரில் தோணியில் ஏற்றுகிற உப்பு மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. முப்பதைத் தாண்டியிருந்தார், லேசாகத் தொந்தி விழுந்திருந்தது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர் ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கல்லூரியின் பூப்பந்து அணியில் நடுவில் நின்று ஆடினார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்பினேன்.

பூப்பந்து என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கம்பளி நூலில் செய்த சின்னப் பந்து. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் வலை. பந்துக்குக் கனமே கிடையாது. எங்கள் ஊர்க் கடல்காற்று கொஞ்சம் எழும்பினால் போதும், அடித்தது ஒரு பக்கம், போவது ஒரு பக்கம். அதனால் ஊரில் பூப்பந்து என்றாலே விடியற்காலை விளையாட்டு. காற்று எழும்புவதற்குள் ஆடி முடித்துவிட வேண்டும்.

சில நாள் அந்த நேரத்தில் மாமா என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவார். வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். தூரத்தில் உப்பளங்கள் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். நான் பந்தைப் போட, அவர் பேட்டால் மெதுவாகத் தட்டுவார். அது மேலே போகும், போய்க்கொண்டே இருக்கும், பிறகு அங்கேயே நின்றுவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், நிற்கும். இறங்குவதா வேண்டாமா என்று அது யோசிக்கிற நேரத்தில் மாமாவின் முகமும் அண்ணாந்தபடியே இருக்கும். பின்பு எங்கிருந்தோ ஒரு காற்று வரும். மாமா பேட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, “போதும்ளா, ஆபீசுக்கு நேரமாச்சு” என்பார்.

சண்டைக்கு வருகிறேன். கல்லூரியில் பெரிய ஹால் ஒன்று உண்டு. அதன் சுவரில் கல்லூரியைக் கட்டியவர்கள், நிலம் கொடுத்தவர்கள், பழைய பிரின்சிபால்கள் எல்லோரும் வரிசையாகத் தொங்கினார்கள். அந்த வரிசையில் பேர் வாங்கித் தந்த பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேரையும் சேர்க்க வேண்டும் என்று பி.டி. சார் கிளப்பிவிட்டார். விளையாட்டு சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். மூன்று பேரில் முதல் பெயர் மாமாவுடையது.

கல்லூரிக் கமிட்டியில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. பந்து அடித்தவனும் நிலம் கொடுத்த வள்ளலும் ஒரே சுவரிலா என்று கேட்டார்கள். அதிலும் மாமா இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவர். பட்டம் வாங்காதவனுக்குக் கல்லூரியில் படமா? கணக்கு வாத்தியாரான எங்கள் அப்பாவும் கமிட்டிக்காரர்கள் பக்கம்தான். “பந்தடிச்சதுக்குப் படம்னா, நாளைக்கு ஹாஸ்டல்ல நல்லாச் சாப்பிட்டவனுக்கும் மாட்டணும்” என்று மாமாவை வைத்துக்கொண்டே சொன்னார். இதைக் கேள்விப்பட்டு எங்கள் வாசலுக்கு வந்த பி.டி. சார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, “பந்து என்ன சார், டிகிரி கேட்டுக்கிட்டா பேட்டுக்கு வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனார். அலைந்து திரிந்து கடைசியில் கமிட்டியைச் சம்மதிக்கவும் வைத்துவிட்டார்.

அம்மாவின் சங்கடம் வேறு. அந்தச் சுவரில் இருந்த அத்தனை பேரும் செத்துப்போனவர்கள். அத்தனை படத்துக்கும் மாலை. “பொண்ணு பாக்குற நேரத்துல, உசிரோட இருக்கவன் படத்தைக் கொண்டுபோயி செத்தவங்க வரிசையில மாட்டவா? என் தம்பிக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?” என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மாமாவிடம் ஆட்டக்கார உடுப்பில் இருந்தது ஒரே ஒரு படம். அதை அம்மா நான் பார்க்கப் பார்க்க அரிசி டிரம்முக்குள் அடியில் புதைத்துவிட்டாள்.

படம் எங்கே என்று மாமா வாயைத் திறந்து கேட்கவே இல்லை. ஆனால் வேலைவிட்டு வந்ததும் தினமும் தகரப்பெட்டியைத் திறந்து கிளறுவார், மூடுவார். ஒரு நாள் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சுவரில் ஏற அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கே தெரிந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அரிசிக்குள் தோள்வரை கையை விட்டுப் படத்தை எடுத்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் பி.டி. சார் கையில் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தபோது விழா அழைப்பிதழே அச்சாகி வந்துவிட்டது. என்னை அடித்தாள். அடித்துவிட்டு, மாமாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். நான் செய்த காரியத்தால் மாமா செத்துப்போய்விடுவாரோ என்று எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

விழாவன்று ஹால் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே வந்த காற்றில் உப்பு மணந்தது. வெள்ளைத் திரைச்சீலைகள் உப்பி உப்பி அடங்கின. எனக்கு அந்த இடமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தோன்றியது. மாமா புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டு பேரும் வெளியூரில் இருந்ததால் வரவில்லை. பி.டி. சார் பேசினார். மாமாவைக் காட்டி, இந்த ஆட்டக்காரரை மாநில அணிக்குத் தேர்ந்தெடுத்து மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது, வீட்டுச் சூழ்நிலையால் அவர் போகவில்லை, படிப்பையும் விட்டு ஹார்பர் வேலைக்குப் போய்விட்டார் என்றார். பிறகு புதுப் படங்களை மூடியிருந்த திரையை இழுத்தார்.

அடேயப்பா! மாமா மாலையும் கழுத்துமாக இருந்தார். நெற்றியில் சந்தனப்பொட்டு. படத்துக்குக் கீழே இரண்டு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மாள், “ச்சொ, சின்ன வயசுலயே போயிட்டானே பாவம்” என்றாள்.

மாலையைப் போட்டது கல்லூரி அட்டெண்டர் அண்ணாச்சி. வருடாவருடம் விழாவன்று அந்தச் சுவரில் இருக்கிற படங்களுக்குச் சந்தன மாலை போட்டுப் பொட்டு வைப்பது அவர் வேலை. இந்தத் தடவை மூன்று படம் கூடியிருக்கிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அம்மா எழுந்து ஓடிப்போய் மாமா படத்து மாலையைப் பிடுங்கினாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அண்ணாச்சியைத் திட்டினாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டே, “யம்மா, இந்தச் செவுத்துல இருக்க எல்லாருக்கும் போடுதேன். இவருக்கு மட்டும் போடாம விட்டா ஓரவஞ்சனைல்லா?” என்றார். ஹாலில் சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தானே.

மாமா எழுந்து படத்தின் பக்கத்தில் போனார். அதற்குள் இருந்த பையனை ரொம்ப நேரம் பார்த்தார். ஒல்லியாக, எலும்பு தெரிய, பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தப் பையன் இங்கே இருக்கிற ஒருவரையும் பார்க்காமல் எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

“விடுக்கா” என்றார் மாமா. “அண்ணாச்சி சரியாத்தான் போட்டிருக்காரு. அவன் போயிப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சுல்லா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டாகச் சொன்னார் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் மாலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அம்மா செய்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு மாதம் அழுது ரகளை செய்தவள், அந்த மாலையைத் தானே எடுத்துப் படத்துக்குப் போட்டாள். ஒரு பக்கம் ஏறியிருந்ததை இழுத்துச் சரிசெய்தாள். கைகூப்பிக் கும்பிட்டாள்.

பி.டி. சார் சொன்ன அந்த வீட்டுச் சூழ்நிலை என்னவென்று எனக்குக் கல்யாணம் பேசிய வருடம்தான் தெரிந்தது. மெட்ராஸ் கடிதம் வந்த சமயம் அம்மாவின் அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அம்மாவைப் பெண் கேட்டு வந்த வீட்டில், தகப்பன் இல்லாத குடும்பமாயிற்றே, பெண்ணின் தம்பி ஒரு வேலையில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெண் கேட்டு வந்தது எங்கள் அப்பா வீடு.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவன் போய்விட்டான் என்று மாமா சொன்னாரே, செத்துப்போனது யார் என்பதுதான் என் கவலை. விழா முடிந்து கடற்கரை ரோட்டில் நடந்து வீட்டுக்கு வந்தோம். நான் மாமாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், நாடியும் துடித்தது. அப்பாடா என்றிருந்தது. அம்மா எங்களுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

“மாமாவுக்கு ஒண்ணும் ஆகலம்மா. வேணும்னா நீயே தொட்டுப் பாரு.”

அம்மா தொட்டுப் பார்த்தாள். அந்த உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடுரோடு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். மாமாதான் உயிரோடு இருக்கிறாரே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.