நீலச் சேலை கட்டாத ஞாயிறு

விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனிகளைத் தாண்டி ஒரு மனநலக் காப்பகம் இருந்தது. அங்கே வார்டு வேலை பார்த்த அம்புஜவல்லிக்கு உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நின்றபடியே ஒரு டீயை ஊற்றிக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடுவாள். லீவு என்று யாராவது வாயெடுத்தால் எரிந்து விழுவாள்.

2005-இல் புதிதாக வந்த டாக்டர் கோதண்டபாணி, வேலை செய்கிறவர்களுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது எனக் கண்டுபிடித்த புண்ணியவான். எல்லா ஊழியர்களுக்கும் பிரஷர் பார்த்தார். அம்புஜவல்லிக்கு மட்டும் இரண்டாவது தடவையும் பட்டையைச் சுற்றினார்.

"ஞாயித்துக்கிழம லீவு எடுத்தே ஆவணும்மா. மீறி வார்டு பக்கம் வந்தீங்கன்னா ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுவேன்."

"சுல்தான் பீவி பட்டினி கெடப்பாங்க சார். நான் குடுத்தாதான் சாப்புடுவாங்க."

"உங்களோட வேல பாக்கற சண்முகப்ரியா பாத்துக்குவாங்க."

சொல்வதற்கு என்ன! சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று பயந்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவள் சுல்தான் பீவி. யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். நீலச் சேலை என்றால் ஊழியர், வேறு சேலை என்றால் தன்னைப்போல் வைத்தியத்துக்கு வந்தவர். அவ்வளவுதான் அவள் கணக்கு. அம்புஜவல்லிதான் அவள் தட்டிலிருந்தே முதல் வாயைத் தின்று காட்டி, "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட வைத்தவள். அந்த வேலையை வேறு யாரையும் தொடவிட்டதும் இல்லை.

ஞாயிறு விடிந்ததிலிருந்து அம்புஜவல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். இட்லியைத் தொடவில்லை. தெருமுனைக் காயின் பாக்ஸிலிருந்து காப்பகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்ததே தவிர எடுக்க நாதியில்லை.

"செத்த ஒக்காரேன். காலையிலேருந்து வூட்டுக்குள்ள ரயிலு வுட்டுக்கினு இருக்க" என்றான் புருஷன் பழமலை.

"அது அங்க பட்டினி கெடக்கும்யா. போயிட்டு வரேன்."

ஸ்டோர் ரூம் பயத்தையும் மீறி, கட்டியிருந்த சிவப்புச் சேலையோடு பஸ் ஏறிவிட்டாள்.

வார்டில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நீலச் சேலையில் சண்முகப்ரியா. அவளுக்கு எதிரே சுல்தான் பீவி, தானே அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது அம்புஜவல்லிக்கு. மறுநிமிஷமே நெஞ்சுக்குள் சுருக்கென்றது. நான் இல்லாமலே சாப்பிடுகிறாளே! பொறாமைதான், வேறென்ன.

"யக்கா, ஏங்க்கா வந்தீங்க? டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம்!" என்று பதறினாள் சண்முகப்ரியா.

நிற்கவும் பயம், போகவும் மனமில்லை. விரல்களைப் பிசைந்துகொண்டு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள் அம்புஜவல்லி. போய்ப் போய் வரும் சிவப்புச் சேலையைச் சுல்தான் பீவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டோடு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"புதுசா வந்திருக்கியாம்மா? வா, இப்புடி ஒக்காரு."

நான்தான் அம்புஜவல்லி என்று சொல்ல வந்தாள். சொல்லாமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயப்படாத. எனக்கும் மொதல்ல இப்புடித்தான் இருந்துச்சு."

சுல்தான் பீவி சாம்பார் சோற்றில் ஒரு வாய் எடுத்துத் தான் தின்றாள். மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

"பாரு, எனக்கு ஒண்ணும் ஆவல."

அடுத்த வாயை அம்புஜவல்லியின் உதட்டருகே நீட்டினாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் வாசலில் வந்து நின்றார். அம்புஜவல்லி அவரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு முதன்முதலாக வாயில் சோறு போயிற்று. கண்ணீர் மளமளவென்று கொட்டியது.

சுல்தான் பீவி வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், இந்தப் பொண்ண இப்ப வூட்டுக்கு அனுப்பிடாதீங்க. பாவம், இதுக்கு ஒரு எடத்துல ஒக்காரவே தெரியல."